நாற்பது கிராம்

சுங்கை ரெங்காஸில் ஆளுக்கொரு காரணம் உண்டு.
ரப்பர் விலை என்பார் லாரிக்காரர் நல்லமுத்து.
செம்பனை வந்தது, சனம் போச்சு என்பார்
முடிதிருத்தும் வீராசாமி.
துரைக்கே மனசு விட்டுப்போச்சு என்பார்
பழைய கிராணி தேவசகாயம்.
கல்லாத்துத் தோட்டம் எப்படி விழுந்ததென்று
என் கடைவாசல் பெஞ்சில் தினமும் விசாரணை,
கையிலுள்ள தே தாரேக் ஆடை கட்டும்வரை.
நான் வெங்காயம் நிறுத்துக்கொண்டு கேட்டிருப்பேன்.

துரை பங்களாவுக்கு இப்போது கூரையில்லை.
குளியல் தொட்டிக்குள் பப்பாளி காய்த்திருக்கிறது.
பில்லியர்ட்ஸ் மேசையின் கல்பலகை
மாரியம்மன் கோயில் படியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை.
இமாம் மலாயில் குத்பா சொல்கிறார்.
தூண் உயர்த்திய ஆது கூட்டம்,
மலையைக் குடைந்து வீடு செய்த ஸமூது.
மின்விசிறிக்குக் கீழே எனக்குப் பாதித் தூக்கம்.
புயலும் பேரொலியும்
என்றைக்கும் தூரத்து ஊர்களுக்குத்தானே.

பிறகு மத்யன் வந்தது.
மத்யன்காரர்கள் பிரமாதமாக எதையும் கட்டியதாக
இமாம் சொல்லவில்லை.
வியாபாரிகள். தராசு வைத்திருந்தார்கள்.
ஷுஐப் நபி அவர்களிடம் கேட்டதும் பெரிதில்லை:
நிறுப்பதை நிறைவாய் நிறுக்கச் சொன்னார்.
தொழுகை வேறு, கல்லாப்பெட்டி வேறு என்று
சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார்கள்.
நான் கால்விரல்களை மடக்கிக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறேன்.
என் மின்தராசு வெறும் தட்டுக்கே
நாற்பது கிராம் காட்டுகிறது.
நான் செய்ததல்ல; அதுவாக நழுவியது.
பூஜ்யத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது.
அதை அழுத்தாமல் இருந்தேன், எட்டு மாதம்.
எண் தெரியும் பக்கமாக
ஊறுகாய் ஜாடி ஒன்றை நகர்த்தி வைத்தேன்.
நாளைக்கு ஐம்பது நிறுவை.
சுன்னத்துத் தொழுகைக்குள்ளேயே கணக்கு ஓடியது:
அரை டன் கிட்ட.

முன் சஃப்பில் தொஃபஸ்ஸல்.
செம்பனைக் குலை வெட்டுபவன், ராஜ்ஷாஹிக்காரன்.
சஜ்தாவில் அவன் குதிகால் வெடிப்பு
என் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால்.
அந்த அரை டன்னில் அவனுடையது எத்தனை பிடி?

இடி விழவில்லை எனக்கு.
அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.
அந்த எட்டு மாதத்தில் வியாபாரம் ஏறியது;
புது ஃப்ரீசர், மகளுக்குக் கோலாலம்பூரில் கல்லூரி.
விட்டுப் பிடிப்பவன் அவன்.
கயிற்றின் நீளத்தை
நாம் பரக்கத் என்று நினைத்துவிடுகிறோம்.

துரைக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும்.
பால் கொட்டகையில் வாளிக்கு இரண்டு ராத்தல் கழித்தார்கள்,
தண்ணீருக்கென்று, மழையில்லாத மாதத்திலும்.
கழித்த பேனா தேவசகாயத்துடையது.
பெஞ்சில் அந்தக் காரணத்தை மட்டும்
யாரும் சொன்னதில்லை.
பால் வெட்டிய பாக்கியவதி
இன்றும் சாமான் வாங்கும்போது எண்ணைத் தேடுவதில்லை.
நிறுப்பவன் கையைத்தான் பார்க்கிறாள்.

நாட்கள் கைமாற்று.
துரையிடமிருந்து ஜப்பான்காரனுக்கு,
மறுபடி துரைக்கு, பிறகு கம்பெனிக்கு,
யார் கண்டது, கொஞ்சம் என் கடைக்கும்.
கொடுத்தவன் எப்போது திருப்பிக் கேட்பானென்று
எந்தச் சீட்டிலும் எழுதியில்லை.

திரும்பி வந்து ஜாடியை எடுத்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.
‘பீப்’ என்றது, அவ்வளவுதான்.

மாலையில் தொஃபஸ்ஸல் வந்தான்.
பருப்பு, ஒரு கிலோ.
குலை தூக்கிப் பழகிய கை,
பையை ஒருமுறை ஏந்திப் பார்த்தது.
‘கூடிப்போச்சு, போஸ்’ என்று
ஒரு பிடி அள்ளித்
தட்டில் திரும்பக் கொட்டினான்.

பெஞ்சில் நல்லமுத்து
இன்னும் ரப்பர் விலையில் இருந்தார்.