பன்னிரண்டு விநாடி

காலை ஏழரைக்குப்
பொம்மையை எரிக்கத் தொடங்குவேன்.
வாசலின், கோக்கோப் பொடி, சிவப்புச் சாயம்,
மூக்குத் துவாரத்தில் கொஞ்சம் அடுப்புக்கரி.
ஜெலட்டின் காய்ச்சி ஊற்றினால்
பத்து நிமிடத்தில் கொப்புளம்.
வலது கை முழுக்கப் பற்பசை அப்புவேன்,
எங்கள் பக்கம் யாரும்
பற்பசை அப்பாமல் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.
புதினா மணக்கும் தீக்காயம்.
விரலில் மோதிரம்,
கோட்டாறு திருவிழாக் கடையில் இருபது ரூபாய்.
வீங்கும் முன் கழற்றுகிறார்களா என்று பார்க்க.

ஆசாரிப்பள்ளம். இரண்டாம் மாடி. ஏசி அறை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
கையில் மைக், முன்னால் திருகுகள்:
நாடி, மூச்சு, ரத்த அழுத்தம்.
பொம்மையின் பெயர் ததேயு.
வயது நாற்பத்தொன்று, எடை ஐம்பத்தெட்டு.
முட்டத்திலிருந்து போன விசைப்படகில்
விடியற்காலை நாலு மணிக்கு எஞ்சின் அறை பற்றிக்கொண்டது.
இங்கே கொண்டுவரும்போது மணி ஆறு.
எல்லாம் ஸ்கிரிப்டில் இருக்கிறது.

திருவிதாங்கோட்டு ஃபாஸில் கணக்குப் போட்டான்.
தலைக்கும் முகத்துக்கும் ஒன்பது,
முன்னுடம்புக்குப் பதினெட்டு, கைக்கு ஒன்பது.
முப்பத்தாறை ஐம்பத்தெட்டால் பெருக்கி, பிறகு நாலால்.
எட்டாயிரத்து முந்நூற்றைம்பத்திரண்டு மில்லி.
பாதியை எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.
"அப்ப ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு."
"இல்ல," என்றாள் ஜெர்லின் சுபா,
"பன்னெண்டு வரைக்கும்தான்.
தீ பிடிச்ச நேரத்திலேருந்து எண்ணணும்."
கடலில் கழிந்த இரண்டு மணி நேரமும்
கணக்கில் உண்டு.

என் வேலை குரல்.
முதலில் சும்மா முனகுவேன்.
"வெள்ளம் தா மக்களே" என்று கெஞ்சுவேன்,
கொடுத்தால் மதிப்பெண் போகும்.
மூன்று நிமிடம் முடிந்ததும் கம்மத் தொடங்குவேன்.
உள்ளே தொண்டை வீங்குகிறது என்பதை
அவர்கள் காதால் பிடிக்க வேண்டும்.
கம்முவது எனக்கு நன்றாக வரும்,
கோயில் பெருநாளில் ஐந்து வருடம்
கோழியும் பலாப்பழமும் ஏலம் விளித்த தொண்டை.

ஜெர்லின் பிடித்துவிட்டாள்.
டார்ச் அடித்து மூக்குக்குள் கரியைப் பார்த்தாள்.
குழாய் தயார், மருந்து தயார்.
சட்டென்று குனிந்து
பொம்மையின் காதருகே சொன்னாள்:
"ததேயு அண்ணே, தொண்டையில குழாய் போடப்போறேன்.
பெறவு கொஞ்ச நாளு பேச முடியாது.
யாருகிட்டயாவது எதாவது சொல்லணுமா?"

ஸ்கிரிப்டைப் புரட்டினேன்.
அடுத்த பக்கத்தில்
மயக்க மருந்தின் அளவு மட்டும் இருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் ஆறு பேர்
ரப்பர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைக்கை அழுத்தினேன்.
"எனக்க மவளுக்கு... வேன் காசு...
ரெண்டு மாசம் கெட்டல்ல...
பிள்ளைகிட்ட கேக்கப்பிடாதுன்னு
டிரைவர்கிட்ட சொல்லணும்."

"சொல்லுதேன்," என்றாள்.
குழாய் உள்ளே போனது.
நான் மைக்கை அணைத்தேன்.

அது ததேயுவின் கடன் இல்லை.
என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டு.

பிறகு பேராசிரியர் பட்டியலை வாசித்தார்.
மோதிரம் கழற்றியது சரி.
பற்பசையைக் கழுவியது சரி. திரவம் சரி.
"கேள்வி கேட்டதில் பன்னிரண்டு விநாடி போய்விட்டது.
எல்லாத் தொண்டையும் அவ்வளவு நேரம் காத்திருக்காது."
அவர் சொன்னது உண்மைதான்.
ஜெர்லின் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டாள்.

அடுத்த குழு மதியம் இரண்டுக்கு.
தேங்காயெண்ணெய் தொட்டு
ததேயுவின் முகத்தைத் துடைத்தேன்,
மறுபடி கரி, மறுபடி கொப்புளம்.
வேன்காரனுக்குப் போன் போட்டு
வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டேன்.

ஸ்கிரிப்டில்
'மூன்று நிமிடம்: குரல் கம்மும்' என்றிருந்ததைப்
பென்சிலால் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
இரண்டு நிமிடம், நாற்பத்தெட்டு விநாடி.