யாரோ ஒருவரின் வயிறு

தம்பெரே நகரம், பிப்ரவரி.
காலை ஏழு மணி, வெளியே இன்னும் இரவு.
நீலப்பெரி சாற்றில் நான் கலக்கும் பழுப்புத் தூளுக்கு
மணமில்லை, பெயரில்லை, எண் மட்டும் உண்டு.
உள்ளே இருப்பது ஓர் அந்நியரின் குடலில் வாழ்ந்த கோடி உயிர்கள்,
அல்லது வெறும் மாவு.
எனக்குத் தெரியாது. மருத்துவர் ஹில்காவுக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கென்றே
இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஓட்சோ குடிக்கிறான்.
வயது ஒன்பது. சொற்கள் பதினொன்று,
அவற்றில் நான்கு டிராம் நிறுத்தங்கள்.
வலி என்ற சொல் அந்தப் பதினொன்றில் இல்லை.
மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்
கவிழ்ந்து கிடப்பான், ஒரு மணி, இரண்டு மணி.
மூன்று ஆண்டுகளாக அதை 'நடத்தை' என்று எழுதினார்கள்.
நானும்தான் எழுதினேன்.

எங்கள் குளிர்பெட்டிக் கதவில்
மலத்தின் ஏழு வகைகளைக் காட்டும் படம்.
மற்ற வீடுகளில் அந்த இடத்தில்
பிள்ளை வரைந்த சூரியன் இருக்கும்.

கொடையாளர் இந்த ஊர்க்காரர் என்றார்கள்,
ஆன்டிபயாடிக் தொட்டு நாளானவர். அவ்வளவுதான்.
அன்றிலிருந்து மூன்றாம் எண் டிராமில்
ஆப்பிளைத் தோலோடு கடிக்கிற எல்லாரையும் பார்க்கிறேன்.
பனிச்சறுக்குக் கட்டையோடு ஏறுகிற அந்தப் பெண்ணா?
நன்றி சொல்லலாம்தான்.
எதற்கென்று கேட்டால்?

ஞாயிறுதோறும் படிவம்.
கண்ணோடு கண் பார்த்தானா? பூஜ்யம் முதல் மூன்று வரை.
ஆறாம் வாரம் இரண்டு போட்டேன்.
எட்டாம் வாரம், மூன்று!
அன்றிரவு அக்காவை எழுப்பிப் பேசினேன்.
வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது,
என் வயிற்றில்.

செப்டம்பரில் உறையைப் பிரித்தார்கள்.
முதல் பத்து வாரமும் உருளைக்கிழங்கு மாவு,
நிறத்துக்குக் கொஞ்சம் கோகோ.

அந்த மூன்றை எந்த நுண்ணுயிரும் தரவில்லை.
அவன் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தானோ,
பேனாவோடு நான் நிமிர்ந்ததுதான் அப்போதோ,
இல்லை, என் ஆசை தானே போட்டுக்கொண்ட எண்ணோ.

அந்நியர் வந்தது இரண்டாம் பத்து வாரத்தில்.
அதற்குள் நான் சலித்திருந்தேன்.
ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று நிரப்பியிருக்கிறேன்.
ஓரத்தில் மட்டும், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலில் கிறுக்கல்:
மேசைக்குப் போகவில்லை.
வகை நான்கு.
விடியும்வரை தூங்கினான், நான்தான் விழித்துக் கிடந்தேன்.

"ஒரு பிள்ளையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது," என்றார் ஹில்கா.
"நாற்பது பிள்ளைகளை வைத்தும் கொஞ்சம்தான்."
பிறகு என் கிறுக்கல்களைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

இன்று கழிப்பறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.
முன்பெல்லாம் இங்கே அலறல் கேட்கும்,
சுவரில் தலை மோதும் சத்தம் கேட்கும்.
இப்போது டிராம் கதவு மூடும்போது வருகிற மணியை
அச்சு அசலாக முனகுகிறான்.
நடுவில் கைகள் படபடக்கின்றன,
அதை நிறுத்தச் சொல்லி நான் எந்தக் கடவுளையும் கேட்கவில்லை,
இப்போதெல்லாம்.

சொற்கள் இன்னும் பதினொன்றுதான்.
பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள்.
என்னுடையதற்குப் பசிக்கிறது,
காலையிலிருந்து ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை.

"ஹெர்வந்தா," என்கிறான் உள்ளிருந்து.
கடைசி நிறுத்தம்.
தண்ணீர் இழுக்கும் சத்தம்.