ஞ

காலை ஆறு மணி.
மாத்திரைக்கு முன்னால் நோட்டை நீட்டுவேன்:
"பேரை எழுதுங்க."

அஞ்சாபுலி.
ஐஸ் கம்பெனியில் எடை எழுதிய கை.
ஞ-வின் சுழி கூடிவந்தால்
அன்றைக்கு நிம்மதியாய் உலை வைப்பேன்.

போன மாசியில் ஒருநாள்
அபுலி என்று எழுதிவிட்டு
என்னைப் பார்த்தார், யாரோ என்பதுபோல.
பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி
இரண்டு கையையும் நீட்டச் சொன்னார் டாக்டரம்மா.
மணிக்கட்டு விழுந்தது, எழுந்தது, விழுந்தது.

"கல்லீரல் கழிக்காத விஷம் மூளைக்கு ஏறுது.
இந்த சிரப்பைக் கொடுங்க.
மூணு தரமாவது வெளிக்குப் போகணும், எண்ணிக்கோங்க."
எண்ணுகிறேன், அதே நோட்டில்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
மாதம் இருமுறை, வயிற்று நீரை எடுக்க.
முள்ளோடையில் சாராயக் கடைகள் தொடங்கும்போது
பஸ்ஸே திரும்பி அவர் வயிற்றைப் பார்க்கும்.
ஒரு சொட்டு தொட்டதில்லை என்று
எத்தனை சீட்டுக்குப் போய்ச் சொல்வேன்?
மஞ்சள் காமாலை, பி வகை.
எந்த ஊசியில் ஏறியதோ.

"அஞ்சரை லிட்டர்" என்றாள் நர்ஸ்.
"நுரையைக் கழிச்சீங்களா?" என்றார் படுத்தபடியே.

இன்று ஞ சரி.
கேட்காமலேயே கீழே என் பெயரும்:
செங்களுநீர்.

அந்த ள-வைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிப்போய்
டிரங்குப் பெட்டியில் பழைய சீட்டுக் கணக்கைத் தேடினேன்.
பதினெட்டு வருஷமாய் அதே ள.

நோட்டில் குறித்தேன்:
தெளிவு.
வெளிக்கு இரண்டு தரம்.
இன்னும் ஒன்று பாக்கி.