தென்பாதி

பத்திரத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது:
மேற்படி மாட்டுத்தொழுவில் தென்பாதி
இளையவர் ஜெயசீலனுக்கு,
வடபாதி மூத்தவர் மனுவேலுக்கு.
நடுவில் சிமெண்ட் கல்லில் ஒரு சுவர்,
என் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.
எழுதியவர் அண்ணாந்து பார்க்கவில்லை போலும்.
அதற்கு மேலே ஒரே முகட்டுக் கட்டை,
இருபத்திரண்டு அடி, பனை,
இரண்டு பாதிக்கும் சேர்த்து.

சொசைட்டி லோனில் ரெண்டு மாடு வாங்கியாயிற்று.
அவை புளியமரத்தடியில் நிற்கின்றன.
வைகாசி பாதி போய்விட்டது.
ஆனி பிறந்தால் மகேந்திரகிரிக்குப் பின்னாலிருந்து கிளம்பும்,
பணகுடிக் காற்று.
காயப்போட்ட சேலையை
அடுத்த ஊரில் போய்ப் பொறுக்க வேண்டும்.

முதல் நாள் மூன்று பேரும் உள்ளே போனோம்.
இற்றுப்போன யூரியா சாக்கு,
சக்கரமில்லாத லூனா,
சுனாமி வருஷத்துக் காலண்டர்.
ஷைனி ஒரு பாம்புச் சட்டையை முழுசாக எடுத்து
கழுத்தில் போட்டுக்கொண்டாள்.
நான் கத்திய கத்தலில்
சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.
பாக்கியகனி அக்கா காது கொடுத்திருப்பாள்.
பிள்ளை சிரித்த பிறகுதான்
மறுபடி ஊற்றினாள்.

கொம்பையா ஆசாரி ஏணி போட்டு ஏறி
கட்டையை உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போனார்.
எங்கள் பக்கம் ணங் ணங்.
சுவரைத் தாண்டியதும் தொப் தொப்.
"செல்லு அவுக பக்கம்லா இருக்கு தாயி.
ஒங்க பாதிக்கு மட்டும் ஓடு மாத்தலாம்.
ஆனா எறங்கும்போது
பாதியா எறங்காது, பாத்துக்கிடுங்க."

மஸ்கட்டில் பதினோரு வருஷம்
யார் யார் கட்டடத்துக்கோ சாரம் கட்டிய கை
இடுப்பில் கிடந்தது.
"ஆசாரி, அங்கயும் சொல்லிருங்க" என்றார் இவர்.
அங்கே என்பது ஆறடி தூரம்.

ஆசாரி போய்ச் சொன்னார், வந்து சொன்னார்.
மூன்று நாள் ஆசாரி வாயால் அண்ணன் தம்பி பேசினார்கள்.
கட்டை விலை பாதி, கூலி பாதி.
டீ மட்டும் இரண்டு வீட்டிலும் முழுசு.
ஆசாரிக்கு வயிறு பொருமியது.

கட்டை ஏற்றிய அன்று கோயிலில் அசனம்.
வருவதாகச் சொன்ன ஆட்கள் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.
வடக்கு முனையில் அத்தான், தெற்கு முனையில் இவர்,
சுவர் மேல் குந்திக்கொண்டு ஆசாரி.
கயிறு இழுக்க நானும் அக்காவும்,
ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாமல்.
அவள் வளையல் குலுங்கும்போது நான் இழுத்தேன்.

"தூக்கு."
"ம்."
"இங்கன சாயுது."
"பொறு."
"விட்டுராத லே."

எண்ணினேன். 'ம்'மையும் சேர்த்து ஏழு வார்த்தை,
ஆறு வருஷத்தில்.
அந்த 'லே'யைக் கேட்டதும்
இவர் தோள் ஒரு நொடி தளர்ந்தது.
கட்டை இவர் சுண்டுவிரலில் இறங்கியது.
சத்தம் போடவில்லை.
நகம் கறுத்து, ஆவணியில் விழுந்தது.

கட்டை உட்கார்ந்ததும்
அவரவர் வாசல் வழியே வெளியே போய்
அவரவர் பைப்பில் கை கழுவினார்கள்.

ஆனி வந்தது.
இரவெல்லாம் மலையடியில் காத்தாடிகள் இரைந்தன.
ஓடு ஒன்று நகரவில்லை.
மாடுகள் படுத்து அசைபோட்டன.
இவர்தான் புரண்டு புரண்டு படுத்தார்.
"மேலக்கோடி ஓட்டுக்குக் கம்பி கட்டாம விட்டுருக்காவ
அவுக பக்கம்."
"போய்ச் சொல்லுங்களேன்."
"ஆசாரி வரட்டும்."

இப்போது புதுசாக ஒன்று.
அக்காவின் கறுப்புக் கோழி சுவர் மேல் பறந்து ஏறி
இந்தப் பக்கம் குதித்து
எங்கள் வைக்கோலில் முட்டையிடுகிறது.
மூன்றை ஷைனியிடம் கொடுத்தனுப்பினேன்.
"பெரியம்ம வாங்கிக்கிட்டாவ.
கோழிய வெரட்ட வேண்டாம்னாவ" என்று வந்து சொன்னாள்.

நாலாவது முட்டை அரிசிப் பானையில் இருக்கிறது.
அனுப்பவா, அவிக்கவா?
பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுசும் வாசித்தேன்.
கோழியைப் பற்றி ஒன்றும் இல்லை.