காதுகுத்து

கோவையிலிருந்து வந்தவர்
பல் வைத்தியர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை
கிட்டாரின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.
உள்ளே ஒட்டிய காகிதத்தில்
இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் பெயர்.
மரம் சரி, என்றார். கழுத்தும் சரி.
பிறகு விலாப்பக்கம் தடவிக்கொண்டே போன விரல்
ஓர் ஓட்டையில் தடுக்கி நின்றது.

"இதை யார் செஞ்சது?"

நான்தான்.
எண்பத்தேழு டிசம்பர், குன்னூர் ஓட்டுப்பட்டறை வீடு.
எஸ்டேட் துரை ஊரைக் காலிசெய்தபோது
ஏலத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்தது.
வேண்டாமென்றாலும் கூடவே தள்ளிவிட்டார்கள் ஒரு சூப் பாத்திரத்தை.
பெர்பெத்து இன்றும் அதில்தான் வெங்காயம் போட்டு வைக்கிறாள்.

கல்யாண மண்டபங்களில்
ட்ரம்ஸ் ஜெரோமுக்குப் பக்கத்தில் நின்றால்
நான் வாசிப்பது எனக்கே கேட்காது.
பந்தியில் அப்பளம் நொறுங்குவது
அதைவிடத் தெளிவாக மேடை ஏறி வரும்.
அதனால்தான் மெட்ராசுக்கு மணியார்டர்.
நீலகிரி எக்ஸ்பிரஸில்
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பஞ்சு சுற்றி வந்து சேர்ந்தது பிக்கப்.
ஒரு காந்தம். அதைச் சுற்றி
முடியைவிட மெல்லிசான செம்புக்கம்பி,
எத்தனை ஆயிரம் சுற்றோ.

துளை போட அருவங்காட்டிலிருந்து வந்தான் சவரியப்பன்,
பெர்பெத்துவின் அண்ணன், ஃபேக்டரியில் லேத் வேலை,
டிரில்லைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு.
கிட்டாரை மடியில் கிடத்தி
"தாய்மாமன் மடி. அழக்கூடாது" என்றான்.
இவள் டார்ச் பிடித்தாள்.
முதல் சுற்றிலேயே எழுந்தது
முப்பது வருசம் மூடிக்கிடந்த மரத்தின் வாசனை.
மிளகு மாதிரி. மழையில் நனைந்து காய்ந்த ஜெபப்புத்தகம் மாதிரி.
யாரும் பேசவில்லை.
தூள் அவள் மணிக்கட்டில் விழுந்தது.

ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால்
பாட்டு வரவில்லை, உறுமல் வந்தது.
தேயிலை ஃபேக்டரி மோட்டார் தூரத்தில் ஓடுவதுபோல.
பயந்துபோய்க் கம்பிகள்மேல் கையை வைத்தேன்.
நின்றது.
எடுத்தேன், உறுமியது.
கம்பிகளின் அடியில் பித்தளைத் தகடு வைத்து
எர்த் ஒயரைப் பற்றவைத்திருந்த சவரியப்பன் சிரித்தான்:
"இரைச்சல் கிட்டார்ல இல்ல மாப்ளே,
உன் உடம்புல. தொட்டா எறங்கிப் போயிடும்."

பிறகு எத்தனையோ கல்யாணம்.
கடைசிப் பந்தி வரைக்கும் கேட்டது என் கிட்டார்.
ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை:
அந்தக் காந்தத்துக்கு எஃகுதான் தெரியும்.
மரம் சொன்னதை அது கடத்தியதே கிடையாது.
மண்டபம் கேட்டது கம்பியை,
மரத்தைக் கேட்டது
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த என் நெஞ்செலும்பு.

"ஓட்டை இல்லாம இருந்தா தொண்ணூறாயிரம்" என்றார் வந்தவர்.
"இப்போ பதினெட்டு. அதுவும் உங்களுக்காக."
சமையலறையிலிருந்து பெர்பெத்து:
"காது குத்துனது நாங்கதான் சார்.
இப்போ நீங்க யாருக்குக் குத்துறீங்க?"
அவரும் சிரித்துவிட்டார். டீ குடித்தார்.
வர்க்கி எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டு
நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

பதினெட்டாயிரத்தில்
பின்பக்கம் ஒழுகுகிற தகரத்தை மாற்றிவிடலாம் என்று
மனசு கணக்குப் போட்டது. அதை மறைப்பானேன்.

சாயங்காலம் லாஸ் நீர்வீழ்ச்சிப் பக்கமிருந்து மஞ்சு ஏறியது.
கரண்ட் போய், வந்தது.
அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு
சுவிட்சை அணைக்காமல் விட்டிருக்கிறேன்.
நாற்காலியில் சாய்ந்தபடி
தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தது கிட்டார்.
ஈரத்துணி வாளியோடு
அறையைக் கடந்தாள் பெர்பெத்து.
அவள் நெருங்க நெருங்க முனகல் ஏறியது.
இதுவரை ஒரு பாட்டும் வாசித்தறியாதவள்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்
போகிற போக்கில் சுண்டுவிரலைக்
கம்பிமேல் வைத்தாள்.

பிறகு எடுத்தாள்,
வாளி கனத்தது.