இரண்டாம் மாடித் திருப்பம்

மூன்றாம் மாடியில் கூட்டம் என்று தாள் வந்தது.
பஸ் காசு உண்டாம், சமோசா உண்டாம்,
எங்கள் கருத்து மிக முக்கியமாம்.
லிப்ட் ஓடவில்லை.

சுடலைமணிக்கு ஒரு நுரையீரல்தான் உழைக்கிறது.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தவர்
"நீங்க போங்க, நான் இங்கிருந்தே கேட்டுக்கிறேன்" என்றார்,
மேலே பேசுவது என்றைக்கோ கீழே கேட்டதுபோல.
நானும் உட்கார்ந்தேன்.
ஷமீம்பானு உட்கார்ந்தாள்.
ஊசி போட்டுப் போட்டு இடது காது போன காம்ப்ளே
எதற்கென்று தெரியாமலே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் பிரதான் இறங்கி வந்தார்.
பின்னாலேயே லேப்டாப், அதன் பின்னால் சமோசாத் தட்டு.
ஓர் ஆராய்ச்சி படியிறங்குவதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு கேள்வி. தமிழ்த் தாளை வாசிக்க என்னிடம் தந்தார்கள்.
பதினேழாவது:
மாத்திரையைத் தவறவிட்டீர்களா? ஆம் / இல்லை.

நிறுத்திவிட்டேன்.
டாக்டர், இந்தச் சொல்லுக்குள்ளேயே
தவறு குந்தியிருக்கிறது.
இந்தியில் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பாதி சமோசா ஆறிப்போனது.
காம்ப்ளேயின் வலது காதில் ஷமீம்பானு மறுபடி சொன்னாள்;
அன்று எல்லாப் பேச்சும் இரண்டு தடவை நடந்தது.

தாராவியில் எங்கள் சந்துக்கு மூன்றரைக்குத் தண்ணீர்.
நாலுக்கு இட்லி அடுப்பு.
விழுங்கின அரைமணியில் குமட்டும்.
ஆவிக்கு முன்னால் குனிந்து நிற்கிறவள்
வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால்
அந்த இட்லியை யார் வாங்குவார்கள்?
முந்தானையில் முடிந்துவைத்தேன், பதினோரு நாள்.
வீட்டுக்காரருக்கும் தெரியாது.
சொல்லி முடித்த பிறகுதான் பயந்தேன்.

பிரதான் எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டு,
"காலை பத்து மணிக்கு என்றால் முடியுமா?" என்றார்.
மூன்று வருஷத்தில்
என்னைக் கேட்டு வைத்த முதல் மணி.

"குணமாச்சுன்னு எதை வச்சுச் சொல்வீங்க?" சுடலைமணி கேட்டார்.
சளியில் கிருமி இல்லையென்றால், என்றான் கூட வந்த பையன்.
அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.
அடங்கும்வரை யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"கிருமி போயி ஒரு வருஷம்.
என் டம்ளர் இன்னும் சன்னல் திட்டுலதான் இருக்கு."

டம்ளரை எப்படி அளப்பது என்றான் பையன்.
கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டான்.
"எங்க இருக்குன்னு கேளு தம்பி. போதும்."

மழைக்கு முன்னால் புதுத் தாள் வந்தது.
பதினேழாவது:
மாத்திரை எந்த நாளில் எட்டாமல் போனது? ஏன்?
ஏனுக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்,
அதுவும் சின்ன வரி.
டம்ளரைக் காணோம்.

கூடவே போன கூட்டத்தின் குறிப்பு.
இடம்: மூன்றாம் மாடி அரங்கு.
மாவுக் கணக்கு எழுதுகிற பேனாவால் அடித்துவிட்டு
படிக்கட்டு என்று எழுதினேன்.
வியாழக்கிழமை கொண்டுபோகிறேன்.
லிப்ட் சரியாகிவிட்டதாம்.