கோபுரக் காட்சி அறை

அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலேறி
ஒற்றைக் காலில் நின்று
தெற்குக் கோபுரத்தை மட்டும் பிடித்தேன்.
குறுக்கே வந்த செல்போன் டவரைப்
பிறகு வெட்டி எறிந்தேன்.
முதலாளி அதை இருநூற்றுநாலாம் அறைக்கு நேரே ஏற்றினார்:
'ஜன்னலிலிருந்தே கோபுர தரிசனம். காலை உணவு இலவசம்.'

இருநூற்றுநாலின் ஜன்னல் திறப்பது
பக்கத்து லாட்ஜின் பாசி பிடித்த சுவருக்கு.
கை நீட்டினால்
அவர்கள் ஏசியின் சொட்டுநீர்.

இரவு பதினொன்றே முக்கால்.
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
கொத்துப் பரோட்டாச் சத்தம் ஓய்ந்த நேரம்
ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள்
போர்ட் பிளேரிலிருந்து வந்த ஸ்டெல்லா புஷ்பமும்
அவள் தோளைப் பிடித்தபடி மரியதாசும்.
ஒரு கைப்பை. அவ்வளவுதான்.

சென்னையில் ஏழு மணிநேரம் உட்கார வைத்தார்களாம்.
தொழில்நுட்பக் காரணமாம்.
ஆளுக்கொரு உப்புமா டப்பா,
வெந்நீரை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டுமாம்,
வெந்நீருக்குத் தனி வரிசையாம்.
மதுரையில் பெல்ட் சுற்றியது, சுற்றியது,
யாரோ மறந்த ஒரு குழந்தை வண்டியோடு
நின்றுபோனது.
பெட்டிக்குள்தான் மாற்றுத்துணி,
கண் ஆஸ்பத்திரிக்குக் காட்டவேண்டிய காகிதமெல்லாம்.

அவள் போனை நீட்டினாள்.
'கன்ஃபர்ம்டு' என்று பச்சையில் எழுதியிருந்தது.
எங்கள் கம்ப்யூட்டரில் அப்படியொரு பெயரே இல்லை.
இருநூற்றுநால் காலிதான்.
அங்கே யாரும் இரண்டாம் நாள் தங்குவதில்லை.

விளக்கைப் போட்டேன். அவள் ஜன்னலைத் திறந்தாள்.
"புஷ்பம், கோபுரம் தெரியுதா?"
கட்டிலைத் தடவி உட்கார்ந்தபடி அவர் கேட்டார்.
அவள் சுவரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"தெரியுதுங்க. லைட்டெல்லாம் போட்ருக்கான்."
"எத்தனை நிலை?"
"ஒம்பது சார்" என்றேன்
வாசலில் நின்ற நான்,
என்னை யாரும் கேட்காமலே.

மறுநாள் முழுக்க விமான கம்பெனிக்குப் போன்.
எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று
நாற்பது நிமிடம் பாட்டு வாசித்துவிட்டு
வைத்துவிட்டார்கள்.
புஷ்பம் ஒரே புடவையை
இரவில் அலசிக் காலையில் கட்டினாள்.

மூன்றாம் நாள் பெட்டி வந்துவிட்டதாம்,
வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.
கடன் வாங்கிய பைக்கில்
வில்லாபுரம், அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடி.
ஆறு வருஷமாக ஆட்களை ஏர்போர்ட்டுக்கு
ஆட்டோ ஏற்றி அனுப்புகிறவன்,
அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடிக் கதவை
முதலில் பார்த்தேன்.
சட்டையில் 'தமயந்தி' என்று குத்தியிருந்த பெண்
பெட்டியைத் தானே தூக்கி வந்தாள்.
"கோயம்புத்தூர் போய்ட்டு வந்துருக்குண்ணே.
ராத்திரி நான்தான் தேடிப் புடிச்சேன்."
பிய்ந்த கைப்பிடிக்குத்
தன் தலை ரிப்பனால் முடிச்சுப் போட்டிருந்தாள்.
அந்தப் போன் பாட்டின் மீதிருந்த கோபத்தை
அவளிடம் காட்டத்தான் வழியெல்லாம்
வசனம் சேர்த்து வைத்திருந்தேன்.
"தேங்க்ஸ்மா" என்றுதான் வந்தது.

ஒரு கண் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி.
கிளம்புகிற காலையில்
அவரே ஜன்னலைத் திறந்தாராம்,
ரொம்ப நேரம் நின்றாராம்.
கீழே வந்து சாவியைக் கொடுத்தபோது
என் முகத்தை அவர் பார்த்த பார்வையில்
நான் பில்லைக் குனிந்து இரண்டு தடவை கூட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
புஷ்பம்தான், ரிப்பனை அவிழ்க்கவேண்டாம் என்று
ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து விமர்சனம் வந்தது.
ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.
'கோபுரம் இல்லை. சுவர்தான் இருக்கிறது.
சுவர் நன்றாகத் தெரிகிறது.'

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
இரண்டு முறை படித்தார்.
"ஏப்பா, இது புகாரா, பாராட்டா?
என்ன பதில் போடுறது?"

'அன்பான விருந்தினரே' என்று அடித்து
அங்கேயே வைத்திருக்கிறேன்.